ஒரு கேள்வித்தாள் பிறந்த கதை

"எத்தனை பிள்ளைங்கம்மா? மொதப் பிள்ளை பொறந்தப்ப உங்களுக்கு என்ன வயசு? ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மாசம் பால் குடுத்தீங்க?"

மார்பில் கட்டி என்று ஆலத்தியூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்து ஏறிப் போகிற பெண்ணிடம் மருத்துவமனையில் இப்படிக் கேட்பார்கள். "கட்டியக் காட்ட வந்தா, புள்ள பெத்த கதையெல்லாம் கேக்குறாங்களே" என்று அவருக்குத் தோன்றினால் அது நியாயம்தான். அந்தக் கேள்விகளுக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. அவருக்கு அதை யாராவது சொல்லியாக வேண்டும்.

கதையின் முதல் நுனி இத்தாலியில் இருக்கிறது. பதுவா நகரப் பேராசிரியர் பெர்னார்தினோ ராமாசினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றித் தாம் எழுதிய நூலின் 1713 பதிப்பில் ஒன்றைக் குறித்து வைத்தார்: கன்னிமாடங்களில் வாழும் துறவிப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. கருப்பைக்கும் மார்புக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறது என்று ஊகித்தார். அதை நிறுவ அவரிடம் வழி இல்லை.

அந்த வழியை உண்டாக்கியவர் ஜேனட் லேன் கிளேபான் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1877இல் பிறந்தவர். 1912இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெர்லின் நகரத்தில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் எடையையும் காய்ச்சிய பசும்பால் குடித்த குழந்தைகளின் எடையையும் ஒப்பிட்டார். தாய்ப்பால் குடித்தவை நன்றாக எடை கூடியிருந்தன. எதையும் இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அன்றே அவர் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

1920களில் பிரிட்டனின் சுகாதார அமைச்சகம் மார்பகப் புற்றுநோயை ஆராயும் வேலையை அவரிடம் கொடுத்தது. நோயுற்ற பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பாலூட்டவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது அதிகமா, குறைவா? நோயில்லாத பெண்களைக் கேட்காமல் சொல்ல முடியாது. ஆகவே நோயுற்ற சுமார் ஐந்நூறு பெண்கள், அதே போன்ற வாழ்நிலையில் உள்ள, இந்த நோய் இல்லாத சுமார் ஐந்நூறு பெண்கள் என இரு கூட்டத்தைச் சேர்த்து, இரு தரப்பிடமும் ஒரே கேள்வித்தாளை நீட்டினார். எந்த வயதில் திருமணம், எத்தனை குழந்தை, எவ்வளவு காலம் பால்? 1926இல் அறிக்கை வெளிவந்தது. நோயுற்றவர்கள் தாமதமாக மணம் முடித்திருந்தார்கள், குழந்தைகள் குறைவு, பாலூட்டிய காலமும் குறைவு.

நோயுள்ளவர், இல்லாதவர் என இரு பக்கமும் கேட்டு ஒப்பிடும் இந்த முறைக்கு அந்த அறிக்கையையே முன்னோடியாகக் கொள்கிறார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் ஆய்வாளர்கள் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் காட்டியது இதே வழியில்தான். லேன் கிளேபான் 1929இல் திருமணம் செய்துகொண்டதும் அவருடைய ஆய்வு வாழ்க்கை முடிந்துபோனது. மணமான பெண்ணை அரசுப் பணியில் வைத்துக்கொள்ளாத காலம் அது.

அவர் விட்ட இடத்திலிருந்து கதை நேராக நடக்கவில்லை. 1970இல் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, முதல் குழந்தையை எந்த வயதில் பெற்றார் என்பதே முக்கியம், பாலூட்டியதால் பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. முப்பது ஆண்டுக்குமேல் இழுபறி. 2002இல் ஆக்ஸ்போர்டு குழுவினர் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். நோயுற்றவர் மட்டும் 50,302 பேர். ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு மகப்பேறும் தன் பங்குக்கு 7 சதவீதம் குறைக்கிறது என்று கணக்கு வந்தது. இதற்குக் காரணமாகச் சொல்வது இது: பால் சுரக்கும்போது மார்பின் செல்கள் முழு வளர்ச்சி பெற்று நிலைப்படுகின்றன. மாதவிலக்கு தள்ளிப்போவதால் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலும் குறைகிறது.

அதே கேள்விகள் நம் மண்ணிலும் கேட்கப்பட்டன. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோயுற்றவர்களும் இல்லாதவர்களுமாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. நீண்ட காலம் பாலூட்டியவர்களுக்கு, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதில் வரும் நோயின் அபாயம் குறைவாக இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. குழந்தை இல்லாதவருக்கும், பால் வராதவருக்கும், வந்தும் கொடுக்க வழியில்லாதவருக்கும் இது தண்டனைச் சீட்டு ஆகாது. நான்கு பிள்ளைக்குப் பாலூட்டியவருக்கும் நோய் வரலாம். வயதும், மரபாக வரும் மரபணு மாற்றமும் யார் கையிலும் இல்லை. கையில் இருப்பவை சில: மாதவிடாய் நின்றபின் உடல் எடை ஏறாமல் பார்ப்பது, உடல் உழைப்பை விடாதிருப்பது, மதுவைத் தொடாதிருப்பது, முடிந்தவரை பாலூட்டுவது.

கடைசியாகச் சொன்னது தாய் ஒருத்தியின் கையில் மட்டும் இல்லை. வேலைக்குப் போகிற இடத்தில் நிழலும் நேரமும் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காத முதலாளி வேண்டும். வீட்டு வேலையைப் பங்குபோடும் கணவர் வேண்டும். 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார் அறைகளைத் திறந்தார்கள். குழந்தையின் பசிக்காகத் திறந்த அந்தக் கதவு தாயின் மார்பையும் காக்கிறது. அது பூட்டிக் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் புற்றுநோய்த் தடுப்பு வேலைதான்.

அரியலூரில் அந்தப் பெண் பதில் சொல்கிறார்: "மூணு புள்ளைங்க. மூத்ததுக்கு ரெண்டு வருசம் குடுத்தேன். கடைக்குட்டிக்கு மூணு மாசந்தான், வேலைக்குப் போயிட்டேன்." எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, அங்க பால் குடுக்க எடமில்லையா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். கேள்வித்தாளில் இன்னும் சேராத கேள்வி அது.