எண் 137: ஒளிப்படக் கோப்பில் ஒரு பலபொருள் ஒருசொல்

ஒளிப்படக் கோப்பைத் திறந்ததும் கேமராவின் பெயர், லென்ஸின் பெயர், படம் எடுத்த நேரம் ஆகியவற்றை மென்பொருள் வரிசையாகக் காட்டுகிறது. ஆய்வேடுகளில் இவற்றை அப்படியே சான்றாக எடுத்தாள்கிறோம். ஆயினும் பழைய கோப்புகள் பலவற்றில் லென்ஸின் பெயர் எழுதப்பட்டிருப்பதே இல்லை. நாம் காண்பது, ஓர் எண்ணுக்கு மென்பொருள் கொண்ட பொருள். இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு.

1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் எக்ஸிஃப் தரநிலையை வெளியிட்டது. 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வகுத்த டிஃப் கோப்பமைப்பே அதன் அடித்தளம். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. அதன் பொருள் பொது ஆவணத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும். ஷட்டர் வேகம், துளையளவு, குவியத்தூரம் ஆகியவை இவ்வாறு பொதுமொழியில் இடம்பெற்றன. லென்ஸின் பெயருக்கு அங்கே இடம் அளிக்கப்படவில்லை. ஆகவே 37500 என்னும் குறியெண்ணின்கீழ் அமைந்த 'மேக்கர்நோட்' பகுதியில் நிறுவனங்கள் அதனைத் தத்தம் முறையில் எழுதின. அம்முறையை வெளியிடும் கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

கேனான் தன் லென்ஸ்களை எண்களால் குறித்தது. கேனான் கேமராக்களுக்கு லென்ஸ் செய்த சிக்மா, டாம்ரான் நிறுவனங்களுக்கெனப் பொதுவான எண் பட்டியல் எதுவும் இல்லை. விளைவாக, 137 என்ற ஒரே எண் இவ்விரு நிறுவனங்களின் பல லென்ஸ்களையும் குறிக்கலாயிற்று. இலக்கண நூலார் பலபொருள் ஒருசொல் என்பது இதனையே ஒக்கும்.

இத்தகைய சொல்லின் பொருளைச் சார்பு கொண்டே துணிகிறோம். மென்பொருளும் அவ்வாறே செய்கிறது. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003 முதல் உருவாக்கிவரும் எக்ஸிஃப்டூல், கோப்பில் பதிவான குவியத்தூர எல்லையையும் பெருமத் துளையளவையும் ஒப்பிட்டுப் பொருந்தாத லென்ஸ்களை நீக்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை எஞ்சினால் அவற்றை 'அல்லது' எனச் சேர்த்துக் காட்டுகிறது. ஐயத்தை மறைக்காத இந்த நேர்மை எல்லா மென்பொருள்களிலும் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் மறைமொழியும் புகுந்தது. நிக்கான் டி2எக்ஸ் கேமரா வெண்சமநிலைத் தரவை மறையாக்கம் செய்து எழுதியதை, ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான தாமஸ் நோல் 2005இல் வெளிப்படையாகக் கண்டித்தார். படம் எடுத்தவரின் தரவைப் படிக்கும் உரிமை யாருக்கு என்னும் வினா அன்று எழுந்தது.

2010இல் வெளிவந்த எக்ஸிஃப் 2.3, லென்ஸின் பெயருக்குத் தனிக் குறியெண் வழங்கியது. அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கு இதனால் பயன் இல்லை. அதே ஆண்டில் வந்த லைட்ரூம் 3, லென்ஸின் பெயரைக் கொண்டு படத்தின் வளைவைத் திருத்தும் வசதியைத் தந்தது. இதன்பின் வாசிப்புப் பிழை பெயரளவில் நிற்பதில்லை. லென்ஸ் தவறாக அறியப்பட்டால் வேறொரு லென்ஸுக்குரிய திருத்தம் படத்தின்மேல் ஏறும்; கட்டட ஆய்வுக்காக எடுத்த படத்தில் தூணின் நேர்கோடே மாறிவிடும்.

கல்வெட்டறிஞர் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும்போது அதனைப் பகர அடைப்புக்குள் இடுவர். கல்லில் உள்ளது எது, தாம் வாசித்தது எது என்பது படிப்பவருக்குத் தெளிவாகும். ஒளிப்பட ஆவணங்களிலும் அம்மரபு வேண்டும். லென்ஸின் பெயரை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், கோப்பிலுள்ள மூல எண்ணையும், அதனை வாசித்த மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் உடன் குறிக்க வேண்டும். திருத்தப்படாத மூலக் கோப்பையும் பாதுகாக்க வேண்டும். நாளை இன்னொருவர் அதே எண்ணை வேறுவிதமாக வாசிக்க நேரலாம்.