வாத்துக் குரல்



ராசிபுரம் வீட்டுத் திண்ணையில் அப்பா சிற்றலையில் இலங்கை வானொலி தேடுவார். 41 மீட்டர் ஓரத்தில் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். "ஏதோ கோளாறு" என்று முள்ளை நகர்த்திவிடுவார். அது மனிதர் பேச்சு என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

வானொலி நிலையங்கள் ஊர்தி அலையோடு பேச்சின் இரண்டு நகல்களை, பக்கத்துக்கு ஒன்றாக அனுப்பும். ஹாம் ரேடியோக்காரர்கள் ஊர்தி அலையையும் ஒரு நகலையும் நீக்கிவிடுவார்கள். இதுதான் எஸ்.எஸ்.பி. முறை. குறைந்த மின்சாரத்தில் குரல் நெடுந்தூரம் போகும். ஆனால், நீக்கிய ஊர்தி அலையைக் கேட்கும் ரேடியோவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மலிவு ரேடியோக்களில் அந்த வசதி கிடையாது.

2004 டிசம்பர் 26. சுனாமியில் அந்தமானின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஹாம் ரேடியோ இயக்க அம்மாதம் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர், சிற்றலை வழியே நலச் செய்திகளைச் சேர்த்தார்கள். அந்தப் பேச்சும் நம் திண்ணை ரேடியோவில் வாத்துச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

இன்று டெக்சன் பிஎல்-330 போன்ற கையடக்க ரேடியோவிலேயே எஸ்.எஸ்.பி. உண்டு. நூறு ஹெர்ட்ஸ் விலகினாலும் குரல் மாறிவிடும். பொறுமையாகத் திருப்பினால் வாத்து மனிதனாகும்.

வகுப்பில் திக்கித் திக்கிப் பேசிய சில பிள்ளைகளை நானும் முள்ளை நகர்த்திக் கடந்திருக்கிறேன். அவர்கள் இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னியுங்கள்.