நூறும் ஆயிரமும்

மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவள் எழுதிக் கொடுத்த பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். தீம்: கடல். சாப்பிட: ஃபேரி பிரெட், நீச்சல்குளக் கேக், வாழைப்பழ டால்ஃபின். ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மா அதை வாசிக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, பலகாரம் என்ன?" என்றார்.

"இதாம்மா பலகாரம்."

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் புறநகரில். இங்கே குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து என்றால் ஃபேரி பிரெட் இருக்கும். செய்முறை மிகச் சுலபம். வெள்ளை பிரெட்டில் ஓரம் வரை வெண்ணெய் தடவ வேண்டும். ஒரு தட்டில் கடுகளவு வண்ணச் சர்க்கரை மணிகளைக் கொட்டி, வெண்ணெய் தடவிய பக்கத்தை அதில் கவிழ்த்து அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு முக்கோணமாக வெட்ட வேண்டும். முடிந்தது. எங்களுக்குக் கடல் தீம் என்பதால் மீன் வடிவ அச்சில் வெட்டினோம். அந்த மணிகளுக்கு இங்கே ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ் என்று பெயர். நூறும் ஆயிரமும். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "நம்மூரு சீரக மிட்டாயை நொறுக்கிப் போட்ட மாதிரி இருக்கு. உள்ள சீரகந்தான் இல்ல" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

வேலை முடிந்த பிறகும் தலைக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும் ஆள் நான். மென்பொருளில் ஒரு பிழையைத் துரத்துவதுபோல, இந்த ரொட்டித் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

'ஃபேரி பிரெட்' என்ற பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1885இல் வெளியிட்ட குழந்தைக் கவிதைத் தொகுப்பிலேயே ஒரு கவிதைக்குத் தலைப்பாக இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலிய விருந்துப் பலகாரமாக அது அச்சில் தென்படுவது 1929 ஏப்ரலில், டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து வந்த 'தி மெர்க்குரி' நாளிதழில். ஒரு குழந்தைகள் விருந்தைப் பற்றிய செய்தி அது. விருந்து பணக்கார வீட்டில் நடந்ததல்ல. காசநோய் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்காக நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்குப் பல வருடங்கள் முந்தைய காலம். காசநோய் வந்தால் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, அதற்குமேல் பெரிதாக எதுவும் கையில் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் யாரோ ரொட்டியும் வெண்ணெயும் வண்ணச் சர்க்கரையும் வைத்திருக்கிறார்கள். அதை வாசித்த பிறகு இந்தப் பலகாரத்தை மட்டமாக நினைக்க என்னால் முடியவில்லை.

அடுத்து சர்க்கரைக்குப் போனேன். இந்த இடத்தில்தான் தேடல் எனக்குச் சிக்கலாகிவிட்டது.

என் அலுவலகம் சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய பிர்மாண்டில் இருக்கிறது. இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்களும் விலையுயர்ந்த அடுக்குமாடிகளும்தான். 1878இல் அங்கே ஒரு பெரிய சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. உரிமையாளர் 1855இல் தொடங்கப்பட்ட காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி, சுருக்கமாக சி.எஸ்.ஆர். ஆஸ்திரேலியச் சர்க்கரையின் வரலாற்றில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இந்தப் பெயர் நிற்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் நடக்கும் பாதை அந்த ஆலை இருந்த முனையைச் சுற்றித்தான் போகிறது. ஆறு வருடமாக நடக்கிறேன், தெரியாது.

கரும்பு விளைந்தது வடக்கே, குவீன்ஸ்லாந்தில். 1863இலிருந்து 1904 வரை வனுவாட்டு, சாலமன் முதலான பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். பதிவான ஒப்பந்தங்கள் மட்டும் சுமார் 62,000. சிலர் விரும்பி வந்தார்கள். பலர் ஏமாற்றப்பட்டும் கடத்தப்பட்டும் வந்தார்கள். பிறகு 1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் இயற்றிய ஆரம்பச் சட்டங்களில் ஒன்று, இந்தத் தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்புவதற்கான சட்டம். காட்டை வெட்டி வயலாக்கிக் கொடுத்தவர்களிடம், இது வெள்ளையர் தேசம், கிளம்புங்கள் என்று சொன்னது அது. பெரும்பாலானவர்கள் அனுப்பப்பட்டார்கள். தப்பித் தங்கியவர்களின் வம்சம் இன்றும் குவீன்ஸ்லாந்தில் இருக்கிறது.

அதே கம்பெனி 1882இல் பிஜியில் நௌசோரி என்ற இடத்தில் ஆலை திறந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் நம் ஆட்கள். 1879இலிருந்து 1916 வரை 60,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து பிஜிக்குப் போனார்கள். 1903இலிருந்து மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் அதில் ஏறின. ஐந்து வருட ஒப்பந்தம். வேலைக்குப் போகாவிட்டால் அபராதம் அல்லது ஜெயில். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே பெண்களைத் தேடிப் பிடித்தார்கள்.

பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடிய பாட்டை நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்கு ஒரு கம்பெனி இருந்தது, அந்தக் கம்பெனிக்கு ஒரு தலைமையகம் இருந்தது, அது நான் பின்னாளில் சாப்பிட்டது செரிக்க நடக்கப்போகிற ஊரில் இருந்தது என்பதெல்லாம் அந்த வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

பிஜிக்குப் போனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குடிபெயர்வுச் சீட்டின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பிறந்த தேதிக்கு மட்டும் இடம் இல்லை. வயது போதும். வேலை வாங்குகிறவனுக்கு என்றைக்குப் பிறந்தாய் என்பது எதற்கு?

இதை வாசித்தபோது அம்மாவின் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. அதில் 01.06.1963 என்று இருக்கிறது. அந்தத் தேதியில் அம்மா பிறக்கவில்லை. தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலத்தில், ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. ஜூன் ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கிற நாள். ஒரு தலைமுறைக்கே அந்த மாதத்தில்தான் பிறந்தநாள். அம்மாவைக் கேட்டால், "தனுஷ்கோடிப் புயல் அப்ப நான் கைப்புள்ள" என்பார். அது 1964 டிசம்பர். அதற்குமேல் அவரிடம் கணக்கு இல்லை.

எனக்குத் தேதி இருந்தது. பிறந்தநாளுக்குப் புதுச்சட்டை, கோயில், பாயசம், வகுப்பில் கொடுக்க ஒரு பாக்கெட் ஆசைச் சாக்லேட். ஆசிரியருக்கு மட்டும் இரண்டு. விருந்து கிடையாது. என் மகளுக்குத் தீம் இருக்கிறது. மூன்று தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவிலும் தீம் எல்லோருக்கும் எப்போதும் இருந்ததில்லை. அதைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் 1980இல் வெளிவந்த ஒரு மலிவான சமையல் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகையின் குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகம். மேரியான் பிளாக்கரும் பமீலா கிளார்க்கும் உருவாக்கியது. அட்டையில் ரயில், பெட்டிகள் நிறையப் பாப்கார்ன். உள்ளே பியானோ, கோட்டை, ராக்கெட், உருளைக்கிழங்குச் சிப்ஸை அலகாக வைத்த வாத்து. பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. 'புளூயி' கார்ட்டூனில் அப்பா திண்டாடிக்கொண்டே செய்வது அந்த வாத்தைத்தான்.

அந்தப் புத்தகத்தின் ரகசியம், கடையில் விற்கும் பாக்கெட் கேக் மாவைப் பயன்படுத்தச் சொன்னதுதான். மாவு பாக்கெட்டில், அலங்காரம் மிட்டாய்க் கடையில். கல்யாணமான பெண் மத்திய அரசு வேலையில் நீடிக்கக் கூடாது என்ற தடை இந்த நாட்டில் நீங்கியதே 1966இல். 1980இல் வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மாவிடம் இரவு பத்து மணிக்கு மிச்சமிருந்த நேரத்துக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. கோட்டை சாய்ந்தாலும் வாத்தின் கழுத்து ஒடிந்தாலும் பிள்ளைக்கு அது கோட்டைதான், வாத்துதான். 'சுலபம்' என்ற சொல்லை நான் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்துவந்தேன். அந்த அம்மாவை நினைத்தால் அது மரியாதையான சொல்லாகத் தெரிகிறது. பிஜித் தோட்டத்தை நினைத்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நம் கையில் சுலபமாக வந்து சேர்கிற எதுவும், வழியில் எங்கோ ஒருவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

நீச்சல்குளக் கேக்கும் அந்தப் புத்தகத்தில் வருவதுதான். கேக்கின் நடுவே பள்ளம், சுற்றிலும் குச்சிச் சாக்லேட் பிஸ்கெட், பள்ளத்துக்குள் ஜெல்லி. ஜெல்லியில் இருக்கும் ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. வருகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு காரணத்தால் அது ஆகாது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அம்மா கேட்டார், "கடப்பாசி கிடைக்காதா இங்க?"

எங்கள் ஊர்ப் பக்கம் ரம்ஜான் மாதத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கிண்ணத்தில், பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைத்த கடல்பாசி வில்லைகள் இருக்கும். மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி பறிக்கும் பெண்களை அம்மாவுக்குத் தெரியும். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். அகர் அகர் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் அது அந்தப் பாசிதான் என்று சொல்லி, ஆசியக் கடையிலிருந்து வாங்கி வந்தேன். அம்மா கொதிக்கவிட்டுக் கரைத்து நீல நிறம் கலந்து ஊற்றினார். ஃப்ரிட்ஜில் வைக்காமலே உறைந்தது. ஜெலட்டின் 35 டிகிரியில் இளகும். அகர் இளக 85 டிகிரி வேண்டும். அன்று வெயில் 38. வேறு ஜெல்லியாக இருந்திருந்தால் எங்கள் கடல் பன்னிரண்டு மணிக்கே வற்றியிருக்கும்.

குழந்தைகள் வந்தார்கள், கத்தினார்கள், தின்றார்கள். உளுந்து வடையை அப்பாக்கள் முடித்தார்கள். ஃபேரி பிரெட் மீன்கள் இருபது நிமிடத்தில் தீர்ந்தன. கடைசி மீனை மகள் அம்மாவிடம் கொண்டுபோனாள்.

"அப்பத்தா, உங்க பர்த்டே எப்ப?"

அம்மா என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட் தேதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "புயலுக்கு முன்னாடிடா தங்கம்" என்றார். மகளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. தலையாட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

அம்மா மீனைத் தின்றார். மடியில் விழுந்த மணிகளை ஒவ்வொன்றாக விரலில் ஒட்டி எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. சமையலறைத் தரையின் இடுக்கில் இப்போதும் ஒன்றிரண்டு மணிகள் கிடைக்கின்றன. போன வாரம் மகள் ஒரு சிவப்பு மணியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுக்கு ஏன் நூறும் ஆயிரமும்னு பேரு என்று கேட்டாள். எண்ண முடியாத அளவுக்கு இருப்பதால் என்று சொன்னேன். மீதியைச் சொல்ல அவளுக்கு இன்னும் கொஞ்சம் வயது ஆகட்டும் என்று இருக்கிறேன். அதற்குள் நானும் பிர்மாண்டில் வேறு பாதையில் நடக்கப் பழகிவிடக் கூடாது.