பெயர் கொடுத்தவர்கள்

கம்பஸில ஒரு சங்கம் பதியிறதெண்டா என்ன பெரிய விசயம்? ஒரு கடிதம், ஒரு பெயர்ப்பட்டியல். நாங்கள் யோசிக்காமலே கையெழுத்து வைப்போம். 1966இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தற்பாலீர்ப்புள்ள மாணவர்களுக்காகச் சங்கம் அமைக்க வெளிக்கிட்டவர்களை மறித்தது அந்தப் பட்டியல்தான்.

உறுப்பினர்களின் பெயரைத் தராமல் அங்கீகாரம் இல்லை என்றது நிர்வாகம். அங்கீகாரம் இல்லையென்றால் நிதியும் இல்லை, வளாகத்தில் பொதுக்கூட்டமும் இல்லை. அன்றைக்கு அந்த மாநிலச் சட்டத்தில் தற்பாலுறவு குற்றம். பெயர் வெளியில வந்தால் படிப்பு, வேலை, வீடு எல்லாமே போகலாம். ஆர் எழுதித் தருவினம்?

முன்னுக்கு நின்ற மாணவர் ஸ்டீபன் டொனால்ட்சன். (அதுவும் புனைபெயர்தான்.) அவர் வளாகத்தில் செல்வாக்குள்ள மாணவத் தலைவர்களிடம் போய், பெயரளவில் உறுப்பினராகச் சேரச் சொல்லிக் கேட்டார். அவர்களும் சேர்ந்தார்கள். அந்தப் பெயர்கள் நிர்வாகத்துக்குப் போயின. உண்மையான உறுப்பினர்களின் பெயர்கள் மறைவாகவே இருந்தன. 1967 ஏப்ரல் 19இல் 'ஸ்டுடன்ட் ஹோமோபைல் லீக்' அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் இப்படியான முதல் மாணவர் சங்கம் அதுதான். மே 3இல் நியூயோர்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் செய்தி போட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கோபக் கடிதங்கள் குவிந்தன.

வரலாற்றில் பெருமை கொலம்பியாவுக்குத்தான் போகுது. எனக்கென்டால் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள்தான் முக்கியம். அடுத்த வருசமே கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் ஒரு சங்கம் தொடங்கியது.