பெயரும் மன்றமும்

கூட்டுக் குடும்பம் ஒன்று பாகம் பிரியுங்கால், விலகிச் செல்லும் தம்பியரின் பங்கைப் பற்றியே ஊரார் பேசுவர். பழைய வீட்டிலேயே தங்கிவிடும் மூத்தவனுக்கு உரியது யாது என்று கேட்பவர் அரியர். வீடுதான் அவனிடம் இருக்கிறதே என்று சொல்லி விடுவர். நாடுகளின் வரலாற்றிலும் இந்நிலை நேர்வதுண்டு. ஆட்சியுரிமை பகிர்ந்தளிக்கப்படும் காலத்தில், கேட்டுப் பெற்றவர்களின் வரலாறு விரிவாக எழுதப்படுகிறது. எஞ்சி நின்றவர்களின் வரலாறோ ஓரத்தில் ஒதுங்கி விடுகிறது. தமிழராகிய நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எஞ்சி நின்றவர்களே. ஆதலின் அந்நிகழ்ச்சிகளை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் நினைவு கூர்தல் பொருத்தமுடையது எனக் கருதுகிறோம்.

சென்னை ராஜ்யம் பிரிந்த கதை

வெள்ளையர் ஆட்சியில் உருவான சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் ஒரே கவர்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தனர். அந்த அமைப்பு மக்களின் விருப்பத்தால் எழுந்ததன்று; படையெடுப்பும் உடன்படிக்கையும் விட்டுச் சென்ற எல்லைகளே அவை. காங்கிரஸ் மகாசபை 1920 ஆம் ஆண்டு நாகபுரியில் கூடியபொழுது, தன் கிளைகளை மொழிவழியே அமைத்துக்கொள்ள முடிவு செய்தது. அதனால் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்ற பெயர் விடுதலைக்கு முன்னரே வழக்கில் வந்தது. கட்சிக்குக் கிடைத்த அப்பெயர் அரசுக்குக் கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணா நோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அத்தியாகத்தின் விளைவாக 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி அப்பொழுது கடுமையாக எழுந்தது, ம. பொ. சிவஞானம் முதலியோர் நகரைக் காக்கப் போராடினர். நகரம் தமிழரிடமே நின்றது. பின்னர், பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் பணிக்கரும் அங்கம் வகித்த மாநிலச் சீரமைப்புக் குழு 1955 இல் தன் அறிக்கையை அளித்தது. அதனையடுத்து 1956 நவம்பர் முதல் நாள் மலபார் கேரளத்துடனும், தென் கன்னடத்தின் பெரும் பகுதியும் கொள்ளேகாலமும் மைசூருடனும் சேர்ந்தன. திருவிதாங்கூரிலிருந்து கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. திருத்தணி 1960 இல் வந்து சேர்ந்தது.

மன்றம் உண்டு, பெயர் இல்லை

பிரிந்து சென்றவர் ஆந்திரம், கேரளம் என்று தத்தம் இனத்தின் பெயரையே மாநிலத்திற்கும் சூட்டிக்கொண்டனர். எஞ்சிய தமிழகத்துக்கு ஒரு துறைமுக நகரின் பெயரே எஞ்சியது. "சென்னை ராஜ்யம்" என்னும் அப்பெயரால் நெல்லைக்காரரும் கோவைக்காரரும் அழைக்கப்பட்டனர். பெயரில் என்ன இருக்கிறது என்று அந்நாளில் கேட்டவர் உண்டு. விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் தம் உயிரால் அதற்கு விடை அளித்தார். தமிழ்நாடு என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலையில் உண்ணா நோன்பு தொடங்கிய அப்பெரியார், எழுபது நாட்களுக்கு மேல் நோன்பிருந்து, அக்டோபர் 13 ஆம் நாள் மறைந்தார்.

மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா பெயர் மாற்ற மசோதாவைக் கொணர்ந்தபொழுது அறிஞர் அண்ணா அதனை ஆதரித்துப் பேசினார். அன்று அம்முயற்சி வெற்றி பெறவில்லை. அண்ணா முதலமைச்சரான பின், 1967 ஜூலை 18 ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 3 ஆம் நாள் அண்ணா மறைந்தார்.

பெயர் உண்டு, மன்றம் இல்லை

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையை நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே காண்கிறோம். ஆங்கிலேயர் உலகின் பல பகுதிகளில் சட்டசபைகளை நிறுவியவர். அவர்தம் சொந்த நாட்டுக்கு இன்றளவும் தனிச் சட்டமன்றம் இல்லை. 1997 இல் நடந்த பொது வாக்கெடுப்புகளின் விளைவாக, 1999 இல் ஸ்காட்லாந்துக்குப் பாராளுமன்றமும் வேல்ஸுக்குப் பேரவையும் அமைந்தன. வட அயர்லாந்தும் தன் பேரவையைப் பெற்றது. பிரிட்டன் மக்களுள் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் வாழும் இங்கிலாந்து மட்டும், நால்வருக்கும் பொதுவான வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தினாலேயே ஆளப்படுகிறது.

இதனால் விளையும் சிக்கலை டாம் டியெல் என்னும் உறுப்பினர் 1977 இலேயே எடுத்துக் காட்டினார். அவர் ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியன் தொகுதியைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்தின் பள்ளிகளைப் பற்றி இங்கிலாந்து உறுப்பினர் வாக்களிக்க இயலாதபொழுது, இங்கிலாந்தின் பள்ளிகளைப் பற்றி ஸ்காட்லாந்து உறுப்பினர் வாக்களிப்பது முறையாகுமா என்பதே அவர் வினாவின் சாரம். 2004 இல் அவ்வினா மெய்யாயிற்று. இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா ஐந்தே வாக்குகள் வேறுபாட்டில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தது; ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் ஆதரவின்றி அது கடந்திராது. அக்கட்டணமோ ஸ்காட்லாந்தில் பயிலும் அந்நாட்டு மாணவரைத் தொடுவதன்று. இங்கிலாந்து உறுப்பினரின் இசைவு வேண்டும் என்ற விதி 2015 இல் வந்தது. 2021 இல் நீக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. பெரியவனுக்குத் தனி மன்றம் அமைந்தால் பொது மன்றமே வலுவிழக்கும் என்று அஞ்சுவோர் அங்கு உளர். வடகிழக்கு இங்கிலாந்தின் மக்களே 2004 இல் தமக்கென ஒரு பேரவை வேண்டாவென்று பெருவாரியாக வாக்களித்தனர். எனினும், நெடுங்காலம் பிரிட்டன் என்பதையும் இங்கிலாந்து என்பதையும் ஒன்றாகவே எண்ணியிருந்த மக்கள், தாம் யார் என்று இன்று தம்மையே வினவிக்கொள்கின்றனர். பிறருக்கெல்லாம் தனி வீடு அமைந்த பின்னரே, தனக்கு ஒன்று இல்லை என்பதை மூத்தவன் உணர்கிறான்.

பாரத நாடு இவ்வகையில் மேலான வழியைக் கண்டது. மக்களவைக்கு 80 உறுப்பினர்களை அனுப்பும் உத்தரப் பிரதேசத்துக்கும் தனி மன்றம் உண்டு; ஒரே உறுப்பினரை அனுப்பும் சிக்கிமுக்கும் உண்டு. பெரியவன் என்பதற்காக எந்த மாநிலமும் மன்றமின்றி விடப்படவில்லை.

நாம் வாழும் நகரம்

நாம் குடியேறி வாழும் இந்நகரின் வரலாறும் இதனையே உரைக்கிறது. 1956 இல் ஆந்திரரும் மலையாளிகளும் கன்னடரும் மொழிவழி மாநிலம் பெற்றபொழுது, மராத்தியரும் குஜராத்தியரும் இருமொழிப் பம்பாய் ராஜ்யத்தில் ஒருங்கு வைக்கப்பட்டனர். பம்பாய் நகரை மத்திய அரசின் ஆட்சியில் வைப்பதென்ற முடிவும் அவ்வாண்டுத் தொடக்கத்தில் எழுந்தது; அதனை எதிர்த்து நிதியமைச்சர் சிந்தாமன் தேஷ்முக் பதவி துறந்தார். போராட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; புளோரா பவுண்டன் அருகில் உள்ள தியாகிகள் சதுக்கம் அவர்களை நினைவூட்டுகிறது. 1960 மே முதல் நாள் மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிறந்தன. தலைநகருக்காக நாம் பட்ட கவலையையே மராத்தியரும் பட்டனர் என்பதை உணர்ந்தால், அவர்தம் உணர்ச்சி நமக்கு அயலாகத் தோன்றாது.

ஆனால் வீடு கிடைத்தவனுக்கு அண்டை வீட்டானிடம் ஒரு கடமை உண்டு. 1956 இன் ஏழாவது அரசியற் சட்டத் திருத்தம் இதனை மறக்கவில்லை. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டுமென 350-அ விதி கூறுகிறது. அவர்தம் நலன் காக்கத் தனி அதிகாரியை 350-ஆ விதி ஏற்படுத்தியது. எல்லை வகுத்த அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் நின்றவரையும் சட்டம் நினைத்தது. 1960 களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபொழுது, அந்நினைவின் அருமையை நம் மூத்தோர் நன்குணர்ந்தனர்.

ஆண்டாப் ஹில்லின் மத்திய அரசுக் குடியிருப்புகளில் பல மாநிலத்தவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றனர். இங்கு நம் குழந்தைகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்க வேண்டும். மராத்தியும் மனமுவந்து பயில வேண்டும். தமிழ்நாடு என்னும் பெயருக்காக ஒருவர் உயிர் ஈந்தார் என்பதை அறிந்த பிள்ளை, மகாராஷ்டிரம் என்னும் பெயரை இகழ மாட்டான். தனக்கு வேண்டும் பெயரையும் மன்றத்தையும் பிறர்க்கும் வேண்டுவதே ஆட்சிப் பகிர்வின் அறம். அவ்வறத்தைக் கற்பிக்கும் இடமாக நம் சங்கம் என்றும் விளங்குவதாக!

வாழ்க தமிழ்! வளர்க ஒற்றுமை!