பத்து டொலர் தொண்ணூறு டொலராகும் நகரம்: பெரும் பணத்துக்கு எதிரான நியூயோர்க் வழி

“நல்ல மனுசன்தான். ஆனால் காசு இல்லை, வெல்லமாட்டார்.” தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் அந்த வேட்பாளரின் எதிரிகள் அல்லர். அவருக்கு வாக்களிக்க விரும்பியவர்கள். வாக்குச்சீட்டு கைக்கு வருமுன்பே பணம் ஒரு தேர்தலை நடத்தி முடித்துவிடுகிறது. இதை மாற்ற வழியுண்டா என்று தேடியபோதுதான் நியூயோர்க் மாநகரின் ஏற்பாடு என் கவனத்துக்கு வந்தது.

தடுக்க முடியாத பணம்

அமெரிக்காவில் தேர்தல் செலவு பேச்சுரிமையோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. வேட்பாளரின் செலவுக்குச் சட்டத்தால் உச்சவரம்பு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அரச நிதியைத் தாமாக விரும்பிப் பெறுபவருக்கு மட்டும் அதை நிபந்தனையாக வைக்கலாம். 2010 ஜனவரியில் வந்த ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ தீர்ப்பு, வேட்பாளரோடு சேராமல் தனித்துச் செலவிடும் நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இருந்த தடையை நீக்கியது. அதே ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றும் சேர, ‘சூப்பர் பக்’ எனப்படும் குழுக்கள் உருவாகின. இவை வேட்பாளருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஆனால் அவருக்காகவோ எதிராகவோ விளம்பரத்துக்கு எவ்வளவும் செலவிடலாம்.

2018இல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், தன்னைவிடப் பத்து மடங்குக்கும் மேல் செலவிட்ட ஜோ குரோலியை ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் தோற்கடித்தார். ஆனால் மன உறுதியும் வீடுவீடான பரப்புரையும் எப்போதும் போதுவதில்லை. 2024இல் இன்னொரு முற்போக்கு உறுப்பினரான ஜமால் போமனுக்கு எதிரான போட்டியில், இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபக்கின் சூப்பர் பக் 14 மில்லியன் டொலருக்கு மேல் கொட்டியது. அவர் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் காங்கிரஸ் தேர்தலில் சிறு நன்கொடைக்குத் துணைநிற்கும் அரச நிதி எதுவும் கிடையாது.

ஒன்றுக்கு எட்டு

மாநகரத் தேர்தலில் அது உண்டு. 1988இல் தொடங்கிய திட்டத்தை வாக்காளர்கள் 2018இல் வலுப்படுத்தினார்கள். இப்போது நகரவாசி ஒருவர் வேட்பாளருக்கு 10 டொலர் கொடுத்தால், நகர நிதி 80 டொலர் சேர்க்கிறது. மேயர் வேட்பாளருக்கு ஒருவர் கொடுப்பதில் முதல் 250 டொலர்வரை இது பொருந்தும். யாரும் வந்து கைநீட்டிவிட முடியாது. மேயர் வேட்பாளர் குறைந்தது 1,000 நகரவாசிகளிடமிருந்து, இத்திட்டத்துக்குத் தகுதியான 250,000 டொலரைத் திரட்டிக் காட்ட வேண்டும். செலவு உச்சவரம்பையும் ஏற்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, வேட்பாளரின் நேரம் எங்கே போகிறது என்பதுதான். செல்வந்தரின் விருந்துக்குப் போவதைவிட நூறு குடும்பங்களின் கதவைத் தட்டுவது இலாபமாகிவிடுகிறது. பணம் தந்த கை வாக்கும் தரும், அயலவரையும் அழைத்து வரும்.

2025இல் இது பெரிதாகப் பரிசோதிக்கப்பட்டது. முன்னாள் ஆளுநர் அன்ட்ரூ கியூமோவுக்காக ஒரு சூப்பர் பக் 20 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியது. கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பேர்க் மட்டுமே பல மில்லியன் கொடுத்தார். சொஹ்ரான் மம்தானியோ, முதல்நிலைத் தேர்தலுக்கு மூன்று மாதங்கள் இருக்கும்போதே, உச்சவரம்புக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது, இனிப் பணம் அனுப்பாமல் தொண்டர்களாக வாருங்கள் என்று ஆதரவாளர்களைக் கேட்டார். ஜூன் 24 முதல்நிலைத் தேர்தலில் வென்று, நவம்பர் 4இல் மேயராகவும் தெரிவானார்.

காவலும் வேண்டும்

எட்டு மடங்கு என்பது ஆசையையும் தூண்டும். அப்போதைய மேயர் எரிக் அடம்ஸ் மீது பொய்ப் பெயர் நன்கொடைகள் தொடர்பான குற்றச்சாட்டும் 2024இல் சுமத்தப்பட்டது. அவர் மறுத்தார், வழக்கு 2025இல் தள்ளுபடியானது. ஆனால் மாநகரத் தேர்தல் நிதிச் சபை அவருக்கு இந்நிதியை வழங்க மறுத்திருந்தது. கியூமோவின் பிரசாரத்துக்கும் சூப்பர் பக்குக்கும் இடையே தொடர்பு இருந்ததாக நம்பக் காரணமுண்டு எனக் கூறி, 6 இலட்சம் டொலருக்கு மேல் நிறுத்தியும் வைத்தது. இவையெல்லாம் வாக்களிப்புக்கு முன்பே நடந்தவை.

நம்முடைய கணக்கு

நமக்கு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று வரம்பு வைக்கப்பட்டது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்குச் சுமார் 187 கோடி ரூபாய். அமெரிக்காவில் எல்லோருக்கும் கட்டாயமாக்க முடியாத வரம்பை நாம் சட்டமாகவே பெற்றிருக்கிறோம். அது சிறிய விடயமல்ல. ஆனால் வரம்பு, அதிகம் உள்ளவரின் கையைத்தான் பிடிக்கிறது. ஒன்றும் இல்லாதவரை அது தூக்கிவிடுவதில்லை. செலவு அறிக்கையும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள்தான் வருகிறது. யாருடைய பணம் என்று அறியாமலே நாம் வாக்களித்து முடித்திருப்போம்.

நியூயோர்க்கின் எட்டு மடங்கை நம் திறைசேரி தாங்காது. இரண்டு மடங்கு, உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டும் என்றுகூடத் தொடங்கலாம். நன்கொடை விபரத்தை வாக்களிப்புக்கு முன் வெளியிடுவதற்கோ பெருஞ்செலவு இல்லை. வேட்பாளர்கள் வாசலுக்கு வரும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். காசில்லாத அந்த நல்ல மனுசனிடமும்தான்.