பெரட்டுத் தப்பும் ஒரு கியூபக்காரரின் சொல்லும்

"இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கலாசாரம் கொஞ்சம் கொஞ்சமா அழியுது." மலையகத்தில் எந்தக் கலைவிழா மேடையிலும் இந்த வசனம் வந்துவிடும். நாங்களும் பேசியிருக்கிறோம். இப்போது அதில் எங்களுக்குச் சந்தேகம். காரணம், தப்பு.

தப்பு அக்கரையிலிருந்து வந்ததுதான். ஊரில் கோயிலுக்கும் சாவுக்கும் அடித்த கருவி. தோட்டத்துக்குள் வந்ததும் அதற்கு இன்னொரு வேலை கிடைத்தது: விடியுமுன் லயத்து ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்குக் கூப்பிடுவது. 'பெரட்டு' என்பதே 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம்ம வாயில் திரிந்ததுதான். தொரையின் மணிக்கூட்டுக்கு நம்ம தோல் கருவி குரலானது. அதே தப்பு மாசி மாதம் காமன் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் அடித்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? கொண்டுவந்ததா, அழிந்ததா?

கியூபாவின் பெர்னாண்டோ ஓர்டிஸ் 1940இல், புகையிலையும் சீனியும் தன் நாட்டை உருவாக்கிய கதையை எழுதியபோது ஒரு சொல்லை உண்டாக்கினார்: டிரான்ஸ்கல்ச்சரேஷன். பலமானவரின் பண்பாட்டை மற்றவர் வாங்கிக்கொள்வார் என்ற அந்தக் காலத்து எண்ணத்துக்கு எதிரான சொல் அது. இழப்பதும் பெறுவதும் புதிதாகப் பிறப்பதும் சேர்ந்தே நடக்கும் என்றார். பெரட்டுத் தப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

1976இல் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் இன்னும் ஒரு படி போனார்கள். அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களுக்கு அடிமைகளாக வந்த ஆபிரிக்கர்கள் ஒரே பண்பாட்டுக் கூட்டமல்ல. அந்நியர்களாக வந்து சேர்ந்தவர்கள் அங்கேதான் ஒரு பண்பாட்டை உண்டாக்கினார்கள் என்பது அவர்கள் வாதம். படித்தபோது நமக்கே எழுதியது போல இருந்தது. ஆனா இங்கதான் இடிக்குது. நம்ம ஆட்கள் முழு அந்நியர்களாக வரவில்லை. கங்காணி தன் ஊரிலிருந்து, சொந்தத்திலிருந்து ஆள் சேர்த்தான். சாதியும் கூடவே கப்பலேறியது. மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூலின் பேச்சே, சாதி இங்கே எப்படித் தொடர்ந்தது என்பதுதான். தப்பின் வேலை மாறியது. அதை அடிப்பவர் யார் என்பது அவ்வளவு சுலபமாக மாறவில்லை.

இன்று மேடையில் தப்பு நம்ம அடையாளம். பெருமைதான். ஹட்டன் பக்கம் எங்களுக்குத் தப்புப் பழக்கிய தாத்தாவின் மகன் அதைத் தொடுவதே இல்லை; ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. பழகி முடித்த அன்று தாத்தா ஒன்று கேட்டார்: தோட்டத்தில் சாவு விழுந்தால் தன்னோடு வந்து அடிப்போமா என்று. பதினொரு பேரில் இரண்டு பேர்தான் "வாறோம் தாத்தா" என்றார்கள்.